அஞ்சறைப் பெட்டியில் ஓர் அறை காலி

என் தங்கைக்குப் பார்த்த மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்கப் போனவள் நான்தான். அப்பா இல்லாத வீட்டில் மூத்த பெண் அந்த வேலையையும் செய்யத்தான் வேண்டும். அதோடு எனக்கு இன்னொரு தகுதியும் இருந்தது. பெரம்பலூரில் ஒரு கல்லூரியில் உளவியல் நடத்துகிறேன், அதிலும் ஆளுமை உளவியல். மனிதர்களின் குணத்தை எப்படி எடை போடுவது என்று வருடா வருடம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்துச் சம்பளம் வாங்குகிறவள். "நீ போனா போதும்டி, ஆளு எப்பேர்ப்பட்டவன்னு உனக்குத் தெரிஞ்சுடும்" என்றாள் அம்மா. நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்தத் திமிரை இப்போது நினைத்தாலும் எனக்கு என்மேல் கோபம் வருகிறது.

எங்கள் ஊர் ஏலாக்குறிச்சிப் பக்கம். அவர்கள் ஊர் திருமழபாடியைத் தாண்டி, கொள்ளிடக் கரையில். மாப்பிள்ளைக்கு அரியலூரில் ஆபீஸ் வேலை. எங்கள் பக்கத்தில் விசாரிப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. எடுத்ததும் அந்த வீட்டுக்குப் போகக் கூடாது. முதலில் டீக்கடை, அப்புறம் பக்கத்து வீடு, அப்புறம் மாதா கோயில் உபதேசியார், கடைசியாகக் கூட வேலை பார்க்கிற யாராவது ஒருவர். எல்லோரிடமும் கேட்பது ஒரே கேள்விதான். "ஆளு எப்படிங்க?" எதற்குக் கேட்கிறார்கள் என்று அவர்களுக்கும் தெரியும். கொஞ்சம் யோசித்து நல்லதாக ஒன்றைச் சொல்லி அனுப்புவார்கள். ஒரு கல்யாணத்தைக் கெடுத்த பாவம் யாருக்கு வேண்டும்?

நான் படித்தவள் இல்லையா, நோட்டுப் போட்டு எழுதிக்கொண்டேன். பதினொரு வரி தேறியது. அமைதியான பையன். அதிர்ந்து பேச மாட்டார். அடக்கம். இருக்கிற இடம் தெரியாது. கூட்டம் சேர மாட்டார். வம்புதும்பு கிடையாது. தெருவில் நின்று பேசிப் பார்த்ததில்லை. குனிந்த தலை நிமிர மாட்டார். நேரம் தவற மாட்டார். சட்டை மடிப்புக் கலையாது. பதினோராவது, பக்கத்து வீட்டு அம்மா வாசலில் மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டே சொன்னது: "அவங்க வூட்டு நாய்கூட குரைக்காதுங்க." நான் சிரித்துக்கொண்டே அதையும் எழுதினேன். அந்த அம்மா சிரித்தாரா என்று எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. நான் நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அப்புறம் முறைப்படி வீடு பார்க்கப் போனோம், ஏழு பேர். வாசலில் கிடந்த நாய் எங்களைத் தலைதூக்கிப் பார்த்துவிட்டு மறுபடியும் தலையைக் காலில் வைத்துக்கொண்டது. "நல்ல பழக்கம்" என்றாள் அம்மா. உள்ளே கடிகாரம் ஓடுகிற சத்தம் கேட்டது. மாப்பிள்ளையின் அம்மா காபி கொண்டுவந்தார். ஒவ்வொரு டம்ளரையும் மேசையில் வைக்கும்போது அடியில் தன் சுண்டுவிரலைக் கொடுத்து, சத்தம் எழாமல் வைத்து, பிறகு விரலை உருவிக்கொண்டார். ஏழு டம்ளருக்கும் அப்படியே செய்தார். எவ்வளவு நாசூக்கு என்று நான் வியந்தேன். மாப்பிள்ளை மென்மையாக இரண்டு வார்த்தை பேசினார். எல்லோருக்கும் பிடித்துப்போய், நிச்சயமும் முடிந்தது.

என் தங்கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்குப் பன்னிரண்டு வயது இளையவள். சின்னப் பிள்ளைகளுக்கு டீச்சர், கோயிலில் பாடற்குழு. அவள் சிரித்தால் மூன்றாவது வீட்டில் கேட்கும். பஸ்ஸில் என்னோடு வந்தால் டிரைவருக்குக்கூட எங்கள் குடும்பக் கதை தெரிந்துவிடும். "வாயாடி, உனக்கு எவன்டி வருவான்" என்று திட்டித் திட்டியே அவளை வளர்த்தோம். ஒரு அமைதியான பையன் வந்ததும் எங்களுக்கெல்லாம் கணக்குச் சரியாகிவிட்ட மாதிரி இருந்தது.

எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், யாருக்காவது தடை தெரிந்தால் பங்குச் சாமியாரிடம் தெரிவிக்கவும் என்று பூசையில் எல்லோரும் கேட்க அறிவிப்பது. முதல் ஓலை வாசித்த அன்று தங்கை பாடற்குழுவில் நின்றபடியே என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள். தடை தெரிந்தால் தெரிவிக்கவும் என்ற இடத்தில் சாமியார் எப்போதும்போல ஒரு மூச்சு நிறுத்தினார். பின்னால் யாரோ இருமினார்கள். அவ்வளவுதான்.

அந்த வாரம் வகுப்பில் நடத்த வேண்டிய பாடம், இந்தத் துறைக்கு ஏன் ஒரு பொதுச் சட்டகம் தேவைப்பட்டது என்பது. பிள்ளைகளுக்கு அது வேப்பங்காய். மனிதக் குணங்களை ஐந்து பெரிய வகையாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். நாலு பேரோடு கலக்கிற தன்மை, பிறரிடம் காட்டுகிற இரக்கமும் இணக்கமும், ஒழுங்கும் பொறுப்பும், எளிதில் கொந்தளிக்கிற மனம், புதியதில் நாட்டம். என் வகுப்பில் இதற்கு அஞ்சறைப் பெட்டி என்று பெயர். கடைசி பெஞ்சில் வெங்காயம் பயிரிடுகிற வீட்டுப் பெண் ஒருத்தி உண்டு, நாக்கில் சுக்கு வைத்தவள். அவள் எழுந்து கேட்டாள்: "மனுசன் என்ன மல்லியா மொளகாயா மேடம், அஞ்சு அறையில பிரிச்சுப் போட?"

வகுப்பே சிரித்தது. எனக்கும் உற்சாகம் வந்துவிட்டது. சட்டகம் இல்லாத காலத்தில் ஆராய்ச்சி செய்தவர்கள் ஆளுக்கொரு கடை போட்டிருந்தார்கள் என்று ஆரம்பித்தேன். ஒருவர் கூச்சத்தை அளந்தார், ஒருவர் ஒதுக்கத்தை அளந்தார், இன்னொருவர் தனிமை விருப்பத்தை அளந்தார். ஆளாளுக்குப் புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டதாக நினைப்பு. பக்கத்துக் கடையில் வேறு பலகையின் கீழ் அதே சரக்கு இருந்தது அவர்களுக்குத் தெரியாது. ஒருவர் கண்டது இன்னொருவர் கண்டதோடு சேராதவரை அது துறையே இல்லை, சந்தை. பெட்டி வந்த பிறகு இரண்டு காரியம் நடந்தது. ஒரே சாமானைப் பத்துப் பொட்டலமாகக் கட்டி வைத்திருந்தால் எல்லாம் ஒரே அறையில் விழுந்து காட்டிக்கொடுத்துவிடும். அதைவிட முக்கியம், எந்த அறை காலி என்று தெரியும். பொட்டலமாகவே பையில் கிடந்தால் பை என்னவோ கனமாகத்தான் இருக்கும். சீரகம் இல்லை என்பது அடுப்பைப் பற்றவைத்த பிறகுதான் தெரியவரும்.

சொன்னதோடு நிறுத்தியிருக்கலாம். உதாரணம் வேண்டும் என்று பையிலிருந்து அந்த நோட்டை எடுத்தேன். யாருடையது என்று சொல்லாமல் பதினொரு வரியையும் போர்டில் எழுதிப் பிரிக்கச் சொன்னேன். பிரமாதமான மாப்பிள்ளை ஒருவர் ஐந்து அறையிலும் அழகாகப் போய் உட்காருவதைப் பிள்ளைகள் பார்க்கட்டும் என்ற ஆசைதான்.

முதல் எட்டு வரியும் ஒரே அறைக்குள் போயின. நாலு பேரோடு கலக்காதவர். எட்டு விதமாகச் சொன்ன ஒரே சேதி. நேரமும் சட்டை மடிப்பும் ஒழுங்குக்குப் போயின. "அடக்கம்" என்பதை ஒரு பையன் இரக்கத்தில் போடப் பார்த்தான். வெங்காய வீட்டுப் பெண் விடவில்லை. "சத்தம் போடாதவன்னா ஈரம் உள்ளவன்னு அர்த்தமாடா? ரெண்டும் வேற வேற அறைன்னுதானே மேடம் இவ்வளவு நேரம் கத்துனாங்க?" அவன் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டான். மூன்று அறைகள் காலியாக நின்றன. அவள் போர்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்: "மேடம், இந்த ஆளு நல்லவரா கெட்டவரான்னு இதுல ஒண்ணுமே இல்லையே."

"நாயை எதுல போடுறது மேடம்?" என்றான் இன்னொருவன். குரைக்கிற நாய் கடிக்காது, குரைக்காத நாய் என்ன செய்யும் என்று யாரோ கேட்க, மறுபடியும் சிரிப்பு. லப்பைக்குடிக்காட்டிலிருந்து வருகிற ஒரு பெண் மட்டும் சிரிக்காமல் சொன்னாள்: "நாய் குரைக்கலன்னா அது நாயோட குணம் இல்ல மேடம். யாரோ பழக்கியிருக்காங்க." போர்டை அழித்துவிட்டு மணி அடிக்கும் முன்பே வகுப்பை விட்டேன். ஊருக்குத்தான் உபதேசம் என்று என் அம்மா சொல்வாள். பத்து வருடமாக நடத்துகிற பாடம் என் வீட்டு வாசலுக்கு வந்தபோது நான் அதை வெளியே நிறுத்திவிட்டு நோட்டோடு ஊர் சுற்றியிருக்கிறேன்.

வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. காலி அறை என்றால் கெட்டது என்று அர்த்தமில்லை, கேட்கவில்லை என்றுதான் அர்த்தம். அப்படித்தான் என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன். ஆனால் கண் சும்மா இருக்கவில்லை. சனிக்கிழமை ஊருக்குப் போனபோது தங்கை ஏதோ சொல்லிச் சிரித்தாள். சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொண்டாள். இருபத்தாறு வருடத்தில் அவள் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

"என்னடி இது புதுப் பழக்கம்?"

"அவருக்கு நான் சத்தமா சிரிச்சா புடிக்கலக்கா. போன்ல காது வலிக்குதாம்."

"திட்டுனாரா?"

"சே, கோவமே வராதுக்கா அவருக்கு. பேச மாட்டாரு, அவ்வளவுதான். போன வாரம் ஒரு தடவை போனை எடுக்கல, வகுப்புல இருந்தேன். மூணு நாள் பேசல. நாலாம் நாளு அவரா கூப்பிட்டு, இனிமே எடுத்துடுவல்லன்னு கேட்டாரு. அன்பாத்தான் கேட்டாரு."

போன் அவள் மடியில் கிடந்தது. பேசிக்கொண்டே இரண்டு தடவை அதைத் திருப்பிப் பார்த்தாள். மறுநாள் இரண்டாம் ஓலை வாசித்தார்கள். தடை தெரிந்தால் தெரிவிக்கவும் என்ற இடத்தில் இந்தத் தடவை நான் தலையைக் குனிந்துகொண்டேன். பாடற்குழுவில் அவள் குரலைத் தேடினேன். இருந்தது, ஆனால் தேட வேண்டியிருந்தது. எனக்குப் பயம் வந்தது அப்போதுதான்.

புதன்கிழமை லீவு போட்டுவிட்டு அரியலூரில் பஸ் மாறிப் போனேன். சுண்ணாம்புக்கல் லாரிகளின் புழுதியில் வழியெல்லாம் மரங்கள் வெளுத்துக் கிடந்தன. இந்தத் தடவை "ஆளு எப்படி" என்று கேட்பதில்லை என்று முடிவு. காலி அறைகளுக்கு மட்டும் கேள்வி. அவரை யாராவது எதிர்த்துப் பேசியது உண்டா? அப்போது என்ன நடந்தது? தன்னைவிட எளியவர்களிடம் எப்படி நடந்துகொள்வார்?

டீக்கடைக்காரர் கேள்வியைக் கேட்டதும் கழுவின கிளாஸையே மறுபடியும் கழுவினார். "அவரை எதுக்குங்க எதிர்க்கணும்?" என்றார். உபதேசியார், தனக்குச் செபமாலை நேரம் என்றார். செபமாலை சொல்வது சாயங்காலம். அப்போது காலை மணி பதினொன்றுகூட ஆகவில்லை. போன தடவை ஆளுக்கு இரண்டு வரி கொடுத்தவர்கள்.

பக்கத்து வீட்டு அம்மா என்னைப் பார்த்ததும் தவிட்டு வாளியைக் கீழே வைத்தார். தெருவை ஒரு தடவை பார்த்துவிட்டு மாட்டுக் கொட்டகைக்குள் கூப்பிட்டார்.

"இது மூணாவது நாய்ங்க. மொத நாய் பகல்ல குரைச்சுது, இவரு தூங்கறப்போ. ஒரு சத்தம் போடலைங்க. எந்திரிச்சு வந்தாரு, வெயில்ல கட்டுனாரு. தண்ணிச் சட்டியை, கயிறு எட்டுற எடத்துக்கு ஒரு சாண் தள்ளி வச்சாரு. சேரைப் போட்டு உக்காந்துக்கிட்டாரு. அது குரைச்சா சட்டியை இன்னும் ஒரு வெரக்கடை தள்ளுவாரு. சும்மா இருந்தா கிட்ட நகத்துவாரு. ரெண்டு நாளு. அப்புறம் அது குரைக்கவே இல்லைங்க, பின்னாடி வந்த ரெண்டுக்கும் இதே பாடம்தான்."

"அவங்க அம்மா ஒண்ணும் சொல்லலையா?"

அவர் என்னைப் பார்த்தார். "டம்ளரை எப்படி வைப்பாங்கன்னு நீங்க பாக்கலையா?"

ஏன் இதை முதலில் சொல்லவில்லை என்று கேட்டேன், கோபமாகத்தான். கோபப்பட எனக்கு என்ன உரிமை என்று தெரியவில்லை.

"ஆளு எப்படின்னு கேட்டீங்க. அமைதியான்னு கேட்டீங்க. ஆமாம்னேன். பொய்யில்லையே? இருந்தும் மனசு கேக்காம நாயைப் பத்திச் சொன்னேன். நீங்க எழுதிக்கிட்டீங்க."

எழுதிக்கொண்டேன். அவர் கொடுத்த ஒரே மிளகாயை நான் மல்லி என்று நினைத்து மல்லியோடு போட்டுவிட்டேன். வெளியே வரும்போது அந்த நாய் வேலியோரம் கிடந்தது. கிட்டே போனேன். வாலை ஆட்டவில்லை, உறுமவும் இல்லை. வாயை மட்டும் திறந்து, சத்தமில்லாமல் மூடிக்கொண்டது.

அம்மாவிடம் சொன்னதும் வீடு இரண்டாகிவிட்டது. பத்திரிகை அடித்தாயிற்று, மண்டபம் சொல்லியாயிற்று. "நாயைக் கட்டிப் போட்டதுக்கு எவளாவது நிச்சயத்தை முறிப்பாளாடி? படிச்சுப் படிச்சு உனக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சு. உனக்குத்தான் அமையல. அவளுக்கும் அமையக் கூடாதா?" என்றாள். எனக்கு முப்பத்தெட்டு வயது. அந்த வார்த்தை எங்கே போய்த் தைக்கும் என்று தெரிந்தேதான் சொன்னாள். நான் அழுதேன். ஆனால் விடவில்லை.

தங்கை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை மத்தியானம், பின்கட்டில் நானும் அவளும் கீரை ஆய்ந்துகொண்டிருந்தோம். திடீரென்று அவளே போனை எடுத்து அவரைக் கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் போட்டு முறத்தில் வைத்தாள்.

"உங்க நாய்க்கு என்ன பேருங்க?"

"பேரெல்லாம் வைக்கல" என்றது குரல். நல்ல குரல்தான், மெதுவான, பதமான குரல்.

"மொத நாயை வெயில்ல கட்டிப் போட்டீங்களாமே?"

குழாயில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஏழெட்டுச் சொட்டு விழுந்த பிறகுதான் பதில் வந்தது.

"யாரு சொன்னா?"

அவள் சொல்லவில்லை.

"சரி, விடு" என்றார் அவர். கோபமே இல்லை. "நாய்க்கு ரெண்டு நாளு ஆச்சு. நீ படிச்ச பொண்ணு. சீக்கிரமே பழகிடுவ."

"என்னத்தப் பழகணும்?"

"வந்தப்புறம் சொல்றேன்."

அவளே போனை அணைத்தாள். அவள் இன்னொரு கை வாய்மேல் இருந்தது. அது எப்போது அங்கே போனது என்று அவளுக்கே தெரியவில்லை. அதை எடுத்து, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, முறத்தைத் தள்ளி எழுந்தாள். "செருப்பை மாட்டுக்கா. நாளைக்குப் பூசைக்கு முன்னாடி சாமியாரைப் பாத்தாகணும்."

பங்குச் சாமியார் முழுவதும் பொறுமையாகக் கேட்டார். மேசையிலிருந்து தடைகளின் பட்டியலை எடுத்தார். ரத்த உறவு, முன் திருமணம், துறவற வார்த்தைப்பாடு, கட்டாயம். "நீங்க சொல்றதை இதுல எங்கம்மா எழுத?" என்றார். அதுவும் ஒரு சட்டகம்தான். பல நூறு வருடம் யோசித்துப் போட்ட அறைகள். நாய்க்கு அதிலும் அறை இல்லை. பெட்டி எவ்வளவு நன்றாகச் செய்திருந்தாலும், இது எதிலும் சேரவில்லையே என்று ஒரு மனிதர் நிறுத்திப் பார்க்க வேண்டியிருக்கிறது. அவர் நிறுத்தினார். பட்டியலை மடித்து வைத்துவிட்டுத் தங்கையைக் கேட்டார்: "உனக்குச் சம்மதமா?"

"இல்ல சாமி" என்றாள். அந்தக் குரல் வெளியே நின்ற என் அம்மாவுக்குக் கேட்டது.

மூன்றாம் ஓலை வாசிக்கவில்லை. அம்மா ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. சொந்தக்காரர்கள் எங்கள் வீட்டுப் பெண்ணுக்கு வாய் அதிகம் என்றார்கள். சரியாகத்தான் சொன்னார்கள், அவள் வாய் திரும்ப வந்துவிட்டது. அவர்கள் வீட்டிலிருந்து சண்டைக்கு யாரும் வரவில்லை. ஒரு வார்த்தைகூட இல்லை. அந்த அமைதி ரொம்ப நாள் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது.

போன மாதம் அரியலூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு சொந்தக்காரர் சொன்னார், மீன்சுருட்டிப் பக்கம் ஒரு கோயிலில் அந்த மாப்பிள்ளை பேருக்கு இரண்டு ஓலை வாசித்தாகிவிட்டதாம். நல்ல இடமாம். பெண் வீட்டார் தீர விசாரித்தார்களாம். யாரிடம் விசாரித்திருப்பார்கள், என்ன பதில் வந்திருக்கும் என்று எனக்கு மனப்பாடம். எங்களிடம் யாரும் வரவில்லை.

வீட்டில் சொன்னேன். நமக்கெதுக்கு என்று அம்மா சொல்லப்போகிறாள் என்று காத்திருந்தேன். அவள் குடையை எடுத்து என் கையில் கொடுத்தாள். தங்கை அந்த நோட்டை எடுத்துக் கொடுத்தாள்.

தெருவில் கேட்டுக் கேட்டு அந்தப் பெண் வீட்டைக் கண்டுபிடித்தேன். என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று பஸ்ஸில் வரும்போது தயார் செய்ததெல்லாம் வாசலில் மறந்துபோனது. படலைத் தட்டக் கையை எடுத்தேன். உள்ளே ஒரு பெண் எதற்கோ சத்தமாகச் சிரித்தாள். பாதியில் நிறுத்திக்கொண்டாள்.